ஒன்பதாம் நம்பர் பாட்டில்கள்

என் கை சுத்தம். இதை நான்கு மாதமாகத் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் முகமூடிக்கு மேலே இரண்டு கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஐயோ பாவம் என்று என்னைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்துப் பாவப்படுகிறவர்களை எனக்கு எப்போதுமே ஆகாது.

நான் வாழை வெட்டுகிறவள். உடனே தோப்பில் அரிவாளோடு நிற்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். என் வேலை ஆய்வகத்தில், சுத்தமான காற்று வீசும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால். தாய் வாழையின் கிழங்கிலிருந்து விரல்நுனி அளவுக்குக் குருத்தை எடுத்து, கழுவி, மருந்தில் முக்கி, பாட்டிலில் இருக்கும் ஜெல்லியில் நடுவோம். அது பக்கத்தில் குட்டி போடும். மாதம் ஒருமுறை வெளியே எடுத்துக் குட்டிகளைப் பிரித்துப் புது ஜெல்லியில் வைப்போம். ஒரு வாழை ஒரு வருடத்தில் ஆயிரக்கணக்கில் ஆகிவிடும். பாட்டிலுக்குள் கிருமி மட்டும் போய்விடக் கூடாது. ஜெல்லியில் இருக்கிற சர்க்கரைக்கும் சத்துக்கும், ஒரே ஒரு கிருமி நுழைந்தாலும் நான்கே நாளில் ஊரையே கூட்டிவிடும்.

அதனால் எங்களுக்குச் சட்டம் அதிகம். குளித்து, உடை மாற்றி, மூன்று கதவு தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். வீட்டில் பூச்செடி கூடாது. உடம்பில் சளி, இருமல், அரிப்பு கூடாது. வீட்டில் யாருக்காவது சளி என்றாலும் சொல்லிவிட வேண்டும், சொன்னால் ஒரு வாரம் வெளியே நிற்க வேண்டும். என் மகளுக்கு எட்டு வயது. மழை வரலாம் என்று ரேடியோவில் சொன்னாலே அவளுக்கு மூக்கு ஒழுகும். போன வருடம் அவள் தும்மி நான் வெளியே நின்ற நாளைக் கூட்டினால் இரண்டு மாதம் தேறும். வேலையே போய்விடும் என்ற கட்டத்தில் என் அக்கா வந்து அவளைத் தன் ஊருக்குக் கூட்டிப்போனாள். பஸ்ஸில் ஏறும்போது மகள் கேட்டாள்: "நான் தும்மாம இருந்தா திரும்பி வரலாமாம்மா?" அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

வேலையை விட்டுத் தொலைத்துவிட்டுப் பிள்ளையோடு போய் இருக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அக்கா வீட்டில் இரண்டு அறைக்கு ஏற்கெனவே ஆறு பேர். என் கணவர் லாரி ஓட்டுகிறவர், வீட்டுக்கு வருவதே விருந்தாளி மாதிரி. நான் குடியிருப்பது நாத்தனார் வீட்டில். எனக்கு இந்த ஒரு வேலைதான் தெரியும். நல்லவேளையாக அக்காவின் ஊரிலும் இதே போல ஓர் ஆய்வகம் இருந்தது, அக்கா வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில். அங்கே வீட்டில் சளி என்றால் ஆளை நிறுத்த மாட்டார்களாம், வெளிவேலைக்கு மாற்றுவார்களாம். ஆனால் பழைய இடத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் இவள் வெட்டிய நூறு பாட்டிலில் இரண்டுக்கு மேல் கெடவில்லை என்று மேற்பார்வையாளர் எழுதித் தர வேண்டும்.

எங்கள் மேற்பார்வையாளர் வேறு யாருமில்லை, என் நாத்தனார்தான். கணவருக்கு மூத்தவள். வீட்டில் அண்ணி, வேலையில் மேடம். ஒரே ஆளிடம் காலையில் "அண்ணி, தோசை ரெண்டா மூணா" என்று கேட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து "குட் மார்னிங் மேடம்" என்று சொல்கிற கூத்து எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கும்.

ஒவ்வொரு பாட்டிலிலும் வெட்டியவளின் நம்பர் இருக்கும். நான் ஒன்பது. முதல் மாதம் நூற்றுக்கு ஒன்று கெட்டது, இரண்டாம் மாதமும் ஒன்று. மகளிடம் போனில், "இன்னும் ஒரு மாசம்தாண்டி" என்று சொல்லிவிட்டேன். எந்த வாயால் சொன்னேனோ, அடுத்த வாரமே தட்டுகளைப் பார்த்தபோது குருத்தைச் சுற்றி ஜெல்லியில் பால் கலந்ததுபோல ஒரு படலம். ஒரு பாட்டில், இரண்டு பாட்டில் இல்லை. நூற்றுக்கு முப்பது. எல்லாவற்றிலும் ஒன்பது என்று என் நம்பர். 

"கைய ஒழுங்கா கழுவறியா?" என்றாள் மேடம்.

"கழுவறேன் மேடம்."

"அப்ப இது வானத்துலேர்ந்தா குதிச்சுது?"

மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வெட்டினார்கள். ஆறாம் நம்பர்காரி மட்டும் தன் தட்டை என் தட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாள். அந்த ஒரு சாணை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் வேறு கத்தி கேட்டேன், கொடுத்தார்கள். வேறு பெட்டியில் உட்கார்ந்தேன். ஸ்பிரிட்டில் கையை முக்கினேன். அடுத்த மாதம் நூற்றுக்கு நாற்பது. என்னை ஓர அறைக்கு மாற்றினார்கள். அது முன்பு பழைய சாமான் போட்டு வைத்த இடம். ஒரு பெட்டி, ஒரு நாற்காலி, நான்கு தட்டு, நடைபாதையைப் பார்த்த ஒரு கண்ணாடி. கதவை உள்ளேயிருந்து திறக்கக் கூடாது. வேலை முடிந்ததும் மணி அடித்தால் யாராவது வந்து திறப்பார்கள். மற்றவர்கள் விலகி நின்று முகமூடி மாட்டிய பிறகுதான் எனக்குத் திறக்கும். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால்கூட மணி அடித்துக் காத்திருக்க வேண்டும். சில நாள் அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன், அழைத்த பிறகு வருகிறவளின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல். என் பாட்டில்களோடு என்னையும் சேர்த்து மூடி போட்டு வைத்துவிட்டார்கள்.

நாளுக்கு நாற்பது முறை கை கழுவினேன். சோப்பு, மருந்து, ஸ்பிரிட், மறுபடி சோப்பு. விரல் இடுக்கில் தோல் வெடித்தது. வெடிப்பில் ஸ்பிரிட் படும்போது உயிர் போகும். வீட்டில் அண்ணி என் கையைப் பார்த்துவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளுவாள்.  நான் கிண்ணத்தைத் திருப்பித் தள்ளுவேன்.

படலம் வர ஆரம்பித்த நான்காம் மாதம் எனக்கு ஒன்று உறைத்தது. படலம் எப்போதும் குருத்தின் அடியிலிருந்துதான் கிளம்புகிறது. கையில் இருந்து விழுந்த கிருமி என்றால் ஜெல்லியின் நடுவிலும் ஓரத்திலும் அங்கங்கே முளைக்க வேண்டும். இது வெட்டுவாயிலிருந்து கசிகிறது. அப்படியானால் அது செடிக்குள்ளேயே இருக்கிறது. நான் வெட்டிக்கொண்டிருந்தது அத்தனையும் ஒரே தாயிலிருந்து வந்த குருத்து. படலம் வருவதற்குச் சில வாரம் முன் அண்ணியே ஒரு தோட்டத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்த புது வாழை. நன்றாக வெட்டுகிறவள் என்று அதை முழுக்க என்னிடம்தான் கொடுத்திருந்தாள்.

"மேடம், ஒரே ஒரு பாட்டில நீங்க வெட்டிப் பாருங்க. உங்க கையில. அப்பவும் கெட்டா செடியிலதான் இருக்குன்னு அர்த்தம்," என்றேன் கண்ணாடி வழியாக.

"என் கையில வெட்டி, என் ரூமுக்கும் பரப்பணுமா?" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவள் அந்தப் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை என்று அன்று நினைத்தேன்.

கெட்ட பாட்டிலை என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் சட்டம் உண்டு. மூடியைத் திறக்காமல் பெரிய குக்கரில் போட்டு வேக வைத்துக் கொட்ட வேண்டும். நான் அப்படிச் செய்யவில்லை. நாற்பது பாட்டிலைத் துணிக்கூடைக்கு அடியில் ஒளித்து வெளியே கொண்டுபோய், செடிகளை எடுத்துக் கழுவி, பின்னால் இருக்கும் நிழல்வலைக் கூடத்தில் நட்டேன். பாட்டிலில் வளர்ந்த கன்று வெளிக்காற்றைப் பழகுகிற இடம் அது. அதைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஈரம் என்று பெயர் வைத்திருந்தோம். யார் எதைக் கேட்டாலும் "ஈரம் பாரு" என்பார். குடும்பத்தில் சண்டை என்றாலும் அதே பதில்தான்.

"இதெல்லாம் வேகவேண்டிய கேசாச்சே, தங்கச்சி," என்றார்.

"அண்ணே, என் கை அழுக்குன்னா இது அழுகிச் சாகட்டும். செடியோட சொந்தக் கிருமின்னா பிழைக்கும். எனக்கு அது தெரியணும்."

படித்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அழுக்குக் கையில் பிழைத்த செடியும் உண்டு, சொந்தக் கிருமியால் செத்த செடியும் உண்டு. ஆனால் ஓர அறையில் மாதக்கணக்காக உட்கார்ந்தவளுக்கு அதற்கு மேல் புத்தி ஓடாது. ஈரம் மறுபேச்சில்லாமல் ஓரத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

மூன்றாவது வாரம் வெயில் கொளுத்தியது. தண்ணீர்க் குழாயும் இரண்டு நாள் மக்கர் செய்தது. நல்ல பாட்டிலிலிருந்து வந்த சுத்தமான கன்றுகள் நூற்றுக்கு அறுபது வாடிச் சுருண்டுபோயின. என் நாற்பதில் ஒன்றே ஒன்றுதான் செத்தது. மிச்சமெல்லாம் விசிறி மாதிரி இலை விரித்து நின்றன. அதை யாருக்கும் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இந்தக் கதையை எழுதவே வேண்டாம். ஈரம் பெருமை தாங்காமல் முதலாளியை அழைத்துக்கொண்டுபோய்க் காட்டிவிட்டார்.

கையும் களவுமாகப் பிடிபட்டேன். மறுநாளே வெளியூரிலிருந்து கிருமி பார்க்கிற டாக்டரம்மாவை வரவழைத்தார்கள். ஒல்லியான மனுஷி, சட்டைப் பையில் நான்கு பேனா. தோட்டத்தில் நிற்கும் தாய் வாழையையே தோண்டி, கிழங்கின் உள்பகுதியை எடுத்துச் சோதித்தார். பத்தாம் நாள் எல்லோரையும் சாப்பாட்டு அறையில் உட்கார வைத்தார்.

"வாழைக்குள்ள ஒரு பெரிய குடித்தனமே நடக்குது. வேர்ல ஒரு கூட்டம், தண்டுல ஒரு கூட்டம், இலை மேல வேற, பழத் தோல்ல வேற. தோட்டத்துல எந்த வாழையும் தனியா இல்ல. இந்தத் தாய் வாழையோட கிழங்குக்குள்ள இருக்கற ஒரு கிருமிதான் ஒன்பதாம் நம்பர் பாட்டில்ல கசியுது. மேல எவ்வளவு கழுவினாலும் போகாது, ஏன்னா உள்ள இருக்கு. வெயில்ல அந்தச் செடிய அதுதான் காப்பாத்தியிருக்கு. நாம கழுவிக் கழுவித் தனியா வளர்த்த கன்று, வெளிய வந்ததும் ஆதரவில்லாம செத்துடுச்சு. இந்தம்மா கையில தப்பில்ல."

நான் எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.  ஆறாம் நம்பர்காரி கைதட்டினாள். அவள் தட்டியதுதான் எரிச்சலாக இருந்தது. அண்ணி எல்லோர் முன்னாலும், "கடிதம் எழுதிக் கொடுத்துடறேன்," என்றாள். அன்று மாலை மகளுக்கு போன் செய்து, "உன் துணிப் பெட்டியில எனக்கும் எடம் விட்டு வையி," என்றேன். அவள் போனைப் போட்டுவிட்டுப் பெரியம்மாவிடம் ஓடுகிற சத்தம் கேட்டது.

போவதற்கு முன் டாக்டரம்மா எல்லோருடைய கையையும் சோதித்தார். அதற்கு ஒரு கண்ணாடித் தட்டு, அடியில் ஜெல்லி. கையை அழுத்தி எடுத்துவிட்டு மூடி வைத்தால், கையில் என்ன இருந்தாலும் மூன்று நாளில் முளைத்துவிடும். மூன்றாம் நாள் எல்லோருடைய தட்டும் ஏறக்குறைய வெறுமை. என் தட்டில் விரல் வெடிப்பு ஓடிய இடமெல்லாம் வெள்ளைக் கோடாக முளைத்திருந்தது.

டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "அதே கிருமி. உங்களால செடிக்கு வரல. செடியிலேர்ந்து உங்களுக்கு வந்திருக்கு. கழுவிக் கழுவித் தோல் வெடிச்சிருக்கு இல்லையா, அதுல குடிவந்துடுச்சு. உடம்புக்கு ஒண்ணும் செய்யாது, பயப்படாதீங்க."

"ஸ்பிரிட்டுல போகாதா?"

"போகாது. ஸ்பிரிட்டக் கண்டா ஓடு போட்டுக்கிட்டு உக்காந்துக்கும்."

"எப்பத்தாங்க போகும்?"

"இந்தச் செடியத் தொடாம இருந்தா அஞ்சாறு மாசத்துல போகலாம். உறுதியா சொல்ல முடியல."

தொடாமல் எப்படி இருப்பது? முதலாளிக்கு இப்போது அந்த வாழைதான் வேண்டும், ஐம்பதாயிரம் கன்று. மற்ற வாழைக்குப் பரவக் கூடாது, ஆகவே ஓர அறையிலேயே வெட்ட வேண்டும். மற்றவர்கள் கையைக் கெடுத்துக்கொள்ள முடியாது, ஆகவே ஏற்கெனவே கெட்ட கைதான் வெட்ட வேண்டும். ஓர அறைக்கு ஏ.சி. போட்டுத் தருவதாக முதலாளி சொன்னார். நான்கு மாதமாக என்மேல் சொன்ன பொய்யை என் கையே உண்மையாக்கிவிட்டது. அன்று அந்த அறையில் உட்கார்ந்து, மணி அடிக்காமல், வாய்விட்டு அழுதேன்.

அன்று இரவு வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணி என் முன்னால் கடிதத்தை வைத்தாள். கெட்ட பாட்டில்களுக்கு இவர் காரணமில்லை, இவர் கையால் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் கெட்டதில்லை என்று எழுதியிருந்தது. கைத் தட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

"இதுல பொய் எதுவும் இல்ல. எடுத்துக்கிட்டுப் போ. முதலாளிய நான் பாத்துக்கறேன்," என்றாள்.

"தட்டு விஷயம்?"

"எவன் கேக்கப் போறான்." பிறகு தட்டில் மிச்சம் வைத்த சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கெட ஆரம்பிச்ச ரெண்டாவது மாசமே எனக்குச் சந்தேகம். நீ சொல்றதுக்கு முன்னாலேயே, ஒரு ஞாயித்துக்கிழமை யாருமில்லாதப்ப நானே ரெண்டு பாட்டில் வெட்டிப் பார்த்தேன். கெட்டுச்சு. தேர்ந்தெடுத்தது நான், சோதிக்காம கொண்டுவந்தது நான். வேலை போயிடுமோன்னு வாயத் தொறக்கல."

ஓங்கி ஓர் அறை விட்டிருப்பேன். வெடித்த கை வலிக்கும் என்றுதான் விடவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அவள் முகத்தைப் பார்த்தபோது அவளும் நான்கு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. அது என் கோபத்தைக் குறைக்கவில்லை. கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை அக்காவும் மகளும் பஸ் நிலையத்துக்கே வந்துவிட்டார்கள். மகள் வளர்ந்திருந்தாள். தும்மலை அடக்க மூக்கைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் வந்திருந்தது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஆய்வக வாசலில் இருவரையும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன்.

அங்கே மேற்பார்வைக்காரி நல்ல மனுஷியாகத்தான் தெரிந்தாள். கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "இப்படி ஆள்தான் தேடிட்டிருந்தோம்," என்று சொல்லி நடைபாதை வழியே கூட்டிப்போய் எல்லா அறையையும் கண்ணாடி வழியாகக் காட்டினாள். கடைசியில் ஒரு சின்ன அறை. உள்ளே ஒரே பெட்டி, ஒரே நாற்காலி. முகமூடி போட்ட ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் விளிம்பில் இருந்த அவளுடைய கை சிவந்து கிடந்தது.

"இவங்க ஏன் தனியா?" என்றேன். பதில் எனக்கே தெரியும்.

"பாட்டில் கெட்டுட்டே இருக்கு. கை சரியில்ல. பாவம், என்ன செய்யறது." பிறகு மேசையிலிருந்து ஒரு கண்ணாடித் தட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். "எல்லாருக்கும் செய்யறதுதான். கைய வைங்க. மூணு நாள்ல ஒண்ணும் முளைக்கலன்னா வியாழக்கிழமையே சேர்ந்துடலாம்."

இந்தத் தட்டை ஏமாற்ற எனக்குத் தெரியும். வெடிப்பு விரல் இடுக்கில்தான் இருக்கிறது. விரல் நுனியை மட்டும் லேசாகத் தொட்டு எடுத்தால் தட்டு வெறுமையாகவே இருக்கும். அவள் ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தாள், என் கையைப் பார்க்கவே இல்லை. வெளியே என் மகள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நான் உள்ளே வந்தால் இரண்டு மாதத்தில் இங்கே எவளாவது ஒருத்தியின் பாட்டிலில் பால் படலம் வரும். அது என் கிருமி என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவளை அந்தச் சின்ன அறையில் வைத்து மூடுவார்கள், நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு என் அண்ணி போலவே வாயை மூடிக்கொண்டு இருப்பேன்.

முழுக் கையையும் வைத்தேன். விரல் இடுக்கு படும்படி நன்றாக அழுத்தினேன். பிறகு அவளிடம், "அந்தப் பொண்ணு வெட்டற செடியோட தாய்க் கிழங்க அறுத்துப் பாருங்க. தப்பு கையில இருக்காது," என்று சொன்னேன். அவள் விழித்தாள். நான் விவரமாக எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

மகள் ஓடி வந்தாள். "கெடச்சிடுச்சாம்மா?"

"மூணு நாள் கழிச்சுத்தான் சொல்லுவாங்க."

"அதுவரைக்கும் இங்கதான இருப்ப?"

"இருப்பேன்."

அவள் என் கையைப் பிடித்தாள். வெடிப்பில் அவள் விரல் பட்டு எரிந்தது, விடவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மகள் மூன்று நாளுக்கும் என்னென்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன். நடுவில் அவளுக்குத் தும்மல் வந்தது, பழக்கத்தில் மூக்கைப் பிடித்தாள். நான் அந்தக் கையை எடுத்துவிட்டு, "தும்முடி," என்றேன்.